தையலும் தண்ணியும்

திருப்பூரில் இரண்டு விஷயங்களைப் பேசாமல் ஒரு நாள்கூடக் கழியாது. ஒன்று தையல், இன்னொன்று தண்ணி. எந்த கம்பெனியில் ஓவர்லாக் டைலர் தேவை, பீஸ் ரேட் என்ன, எந்த வீதிக்கு நல்லதண்ணி எப்ப விடுவாங்க, சப்பத்தண்ணி மோட்டார் ஓடுதா என்று பேச்சு இந்த இரண்டைச் சுற்றியே வரும். இரண்டும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வருகிற இடம் ஒன்று உண்டு. அது ஆஸ்பத்திரி.

"தையல் போட்டிருக்கு, தண்ணி படாம பாத்துக்கோங்க."

குடலிறக்க ஆபரேஷன் முடிந்தவருக்கும் இதேதான். சிசேரியன் ஆன பெண்ணுக்கும் இதேதான். கட்டிங் மெஷினில் விரல் நுனியைக் கொடுத்தவருக்கும், சாயப்பட்டறையில் கொதிதண்ணி பட்டுத் தொடையிலிருந்து தோலெடுத்து முன்கையில் ஒட்டவைத்தவருக்கும் இதே ஒரு வரிதான். எத்தனை நாளைக்கு? எந்தத் தண்ணி? பட்டுவிட்டால் என்ன செய்ய? கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இந்த ஒரு வரியைக் கேட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு சாரார், தையல் பிரித்து இரண்டு வாரம் ஆன பிறகும் உடம்பில் ஒரு சொம்புத் தண்ணி ஊற்றப் பயப்படுவார்கள். சித்திரை வெயிலில் தகர ஷீட் வீட்டுக்குள் வேர்த்து வடிந்து, புண்ணைச் சுற்றி அரிப்பெடுத்து, கடைசியில் அந்த அழுக்கே பிரச்சினையாகும். இன்னொரு சாரார் மூன்றாம் நாள் வேலைக்குப் போயாக வேண்டியவர்கள். பஞ்சுத் தூசியும் வேர்வையும் கட்டுக்குள் இறங்கியிருக்க, ராத்திரி வந்து மூடாத டிரம்மில் மக்கை விட்டு அள்ளி ஊற்றிக்கொள்வார்கள். பயந்தவருக்கும் துணிந்தவருக்கும் கிடைத்தது அதே வாக்கியம்தான். அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது, எங்கே சரி, எங்கே தப்பு என்று அதன் சரித்திரத்தைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

பழைய ஊசி, பழைய தண்ணி

திருப்பூரைத் தாண்டி நொய்யல் கிழக்கே போகும் வழியில், சென்னிமலைப் பக்கம் அதன் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்கிற ஊர், சேரர் காலத்துத் தொழில் நகரம். அதே பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டில், செங்குட்டுவனின் வீரர்களைப் பற்றிச் சொல்ல வந்த பரணர் ஒரு காட்சியைக் காட்டுகிறார். போர்ப்புண்ணைத் தைக்கிற நீண்ட வெள்ளை ஊசி, மீனுக்காகக் குளிர்ந்த குளத்தில் பாய்ந்து மேலே வருகிற மீன்கொத்தியைப் போல உள்ளே போய் வெளியே வருகிறதாம். புண்ணைத் தைப்பது தமிழர்களுக்கு எவ்வளவு பழைய சங்கதி என்பதற்கு இந்த ஒரு உவமை போதும். தைத்த புண்ணை எப்போது கழுவ வேண்டும் என்பது கவிஞரின் வேலை இல்லை, அதனால் அவர் அதைச் சொல்லவில்லை.

ஆனால் தோல் ஆறுவதற்கும் குளிப்பதற்கும் கணக்கு வைத்திருந்த வேறொரு மரபு நம்மிடம் உண்டு. அது அம்மை. அம்மை போட்ட வீட்டில் முதலில் குளியல் கிடையாது. முத்து இறங்கி, பொருக்குத் தட்டிய பிறகுதான் தலைக்குத் தண்ணி ஊற்றுவார்கள். அதையும் ஒரே நாளில் முடிக்க மாட்டார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை முதல் தண்ணி, இரண்டாம் தண்ணி, மூணாம் தண்ணி என்று இடைவெளி விட்டு ஊற்றுவார்கள். மூணாம் தண்ணி ஊற்றியாச்சு என்றால் ஆள் வெளியே போகலாம் என்று அர்த்தம்.

இதில் உள்ள நம்பிக்கையை ஒருபுறம் வைத்துவிட்டு அமைப்பை மட்டும் பாருங்கள். எப்போது தொடங்குவது என்பதை நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்வதில்லை, தோலைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். எந்தத் தண்ணி என்பதும், எத்தனை தடவை என்பதும் சொல்லியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போது முடிகிறது என்பது வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இந்த அட்டவணையைத் தப்பில்லாமல் நடத்தினாள். ஆஸ்பத்திரியில் இருந்து வருகிற "தண்ணி படாம" என்ற வரியில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

தண்ணி மேல் பயம் வந்த கதை

1790 முதல் 1792 வரை நடந்த மூன்றாம் மைசூர்ப் போரின்போது தாராபுரம், கோயம்புத்தூர், சத்தியமங்கலம் என்று கொங்குக் கோட்டைகள் கும்பினிக்கும் திப்புவுக்கும் இடையே கைமாறிக்கொண்டிருந்தன. அந்தப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய காவஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பிவிட்டார்கள். பிறகு புனே பக்கத்தில் ஒரு நாட்டு வைத்தியர் அவருடைய நெற்றித் தோலைக் கீழே திருப்பிப் புது மூக்கு செய்து கொடுத்தார். 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதைப் படத்தோடு வெளியிட்டது. ஐரோப்பாவின் பிளாஸ்டிக் சர்ஜரி மறுபடி தலையெடுத்த கதையை இங்கிருந்துதான் சொல்வார்கள்.

அந்தக் குறிப்பில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிற பகுதி, ஆபரேஷனுக்குப் பிந்தைய பராமரிப்பு. காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டினார்கள். நான்கு நாள் அதைத் தொடவே இல்லை. பிறகு நெய்யில் நனைத்த துணி. முதல் ஐந்தாறு நாள் ஆள் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். ஏறக்குறைய 25ஆம் நாள், நெற்றியையும் மூக்கையும் இணைத்திருந்த தோல்பாலத்தை வெட்டிவிட்டார்கள். நாள் கணக்கோடு கூடிய முழு அட்டவணை அது. ஒட்டிய தோலை முதல் சில நாள் அசைக்காதே, நனைக்காதே, நோண்டாதே என்ற பாடம் அப்போதே அதில் இருக்கிறது.

அதே காலத்து ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் நிலைமை மோசம். ஒரே பேசின் தண்ணி, ஒரே ஸ்பாஞ்சு. ஒரு கட்டில்காரரின் சீழைத் துடைத்துவிட்டு, அதே ஸ்பாஞ்சால் அடுத்த கட்டில்காரரின் புண்ணைத் துடைத்தார்கள். தண்ணி பட்ட புண்ணெல்லாம் சீழ் வைத்ததில் ஆச்சரியம் என்ன? 1867இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தோடு வந்து, குற்றவாளி கண்ணுக்குத் தெரியாத கிருமி என்று சொன்ன பிறகு ஆபரேஷன் தியேட்டர்கள் மாறின. ஆனால் தண்ணி மேல் இருந்த சந்தேகம் மட்டும் போகவில்லை. புண்ணைக் காய விடு, காற்றாட விடு, பொருக்குத் தட்டட்டும் என்பதே பொதுப் புத்தியாக நின்றுவிட்டது.

1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சிறு புண்களை உண்டாக்கிச் சிலவற்றைக் காற்றில் காய விட்டார், சிலவற்றை மெல்லிய பாலித்தீன் படலத்தால் மூடி ஈரமாக வைத்தார். ஈரமாக இருந்தவற்றில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. உலர்ந்த பொருக்கு, புதுத்தோல் நகர்ந்து வருகிற பாதையை மறித்துக்கொண்டிருந்ததுதான் காரணம். தமிழில் புண் காயும் என்றும் சொல்கிறோம், ஆறும் என்றும் சொல்கிறோம். வின்டருக்குப் பிறகு இரண்டும் ஒன்றல்ல என்று ஆகிவிட்டது.

அடுத்த கேள்வி நேரடியாகக் குளியலைப் பற்றியது. 2006இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், நம்மூர் போலவே வெக்கையும் புழுக்கமும் உள்ள பகுதியில், தோலில் சின்ன அறுவை செய்து தையல் போட்டுக்கொண்ட 857 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழு 48 மணி நேரம் கட்டைப் பிரிக்காமல் உலர்வாக வைத்திருந்தது. இன்னொரு குழு முதல் 12 மணி நேரத்துக்குள்ளேயே கட்டை எடுத்துவிட்டு வழக்கம்போலக் குளித்தது. உலர்வாக வைத்தவர்களில் 8.9 சதவீதம் பேருக்குக் கிருமித் தொற்று வந்தது. நனைத்தவர்களில் 8.4 சதவீதம். வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். 2008இல் இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு வெளியிட்ட வழிகாட்டியும், ஆபரேஷன் முடிந்து 48 மணி நேரத்துக்குப் பின் ஷவரில் குளிக்கலாம் என்றே சொன்னது.

ஏன் 48 மணி நேரம்? ஒட்டித் தைத்த தோலின் இரண்டு விளிம்புகளும் ஓரிரு நாளில் மேற்புறச் செல்களால் மூடிக்கொள்ளும். உள்ளே பலம் வர வாரங்கள் ஆகும், ஆனால் கதவு சாத்திவிட்டது. சாத்திய கதவின் மேல் மழை பெய்தால் வீடு நனையாது. கதவு முழுக்கத் தண்ணீரில் முங்கியிருந்தால் கதை வேறு. அதனால்தான் ஷவர் சரி, ஆறும் குளமும் நீச்சல் குளமும் புண் முழுசாக ஆறும்வரை வேண்டாம் என்கிறார்கள்.

பின்னிய தோல்

இதுவரை சொன்னது தோலோடு தோல் சேர்த்துத் தைத்த புண்ணுக்கு. தோலே இல்லாமல் போன இடத்துக்குச் சட்டம் வேறு. நம்மூர் ஒற்றை வரி குழப்பிவிடுவது இந்த இடத்தில்தான்.

1869இல் பாரீஸில் ஜாக் ரெவர்டின் ஒரு நோயாளியின் புண்மேல் தோலின் சின்னஞ்சிறு துண்டுகளை வைத்துப் பிழைக்க வைத்தார். இன்றும் தோல் ஒட்டு என்பது அடிப்படையில் அதுதான். ஒட்டிய தோலுக்கு முதல் ஓரிரு நாள் ரத்த ஓட்டமே கிடையாது. அடியில் கசிகிற நீரை உறிஞ்சி உயிரைப் பிடித்திருக்கும். பிறகு மயிரிழை ரத்தக் குழாய்கள் ஒன்றையொன்று தேடிச் சேரும். ஓட்டம் ஓரளவு நிலைக்க ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். அதற்குள் அது ஒரு மில்லிமீட்டர் வழுக்கினாலும், அடியில் நீரோ ரத்தமோ தேங்கினாலும் அந்த இடம் செத்துப்போகும். இங்கே "தண்ணி படாம" என்பது மூடநம்பிக்கை இல்லை, முழு உண்மை. டாக்டர் முதல் கட்டைப் பிரித்துப் பார்க்கும்வரை அந்தக் கட்டு நனையவே கூடாது. தோலெடுத்த தொடையையும் மறக்கக் கூடாது. அதுவும் ஒரு புண்தான். அதன் கட்டை அவசரப்பட்டு உரிக்காமல் விட்டால் இரண்டு வாரம் வாக்கில் ஆறும்.

இந்தச் சரித்திரத்தின் அடுத்த பகுதியை வேறு எந்த ஊரையும்விடத் திருப்பூர் எளிதாகப் புரிந்துகொள்ளும். பெரிய தீப்புண்ணுக்கு மூடத் தோல் போதாது. 1964இல் டானரும் அவருடைய சகாக்களும் ஒரு கருவி செய்தார்கள். எடுத்த தோலை அதில் விட்டால் வரிசையாகக் கீறல் விழுந்து, இழுத்தால் வலையாக விரியும். கையளவு தோல் மூன்று கையளவு இடத்தை மூடும். நெய்த துணி இழுத்தால் விரியாது, பின்னிய துணி விரியும் என்பது கைமடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த விரிகிற குணத்தைத் தோலுக்குக் கொடுத்ததுதான் அந்தக் கருவியின் வேலை.

பிறகு தோலுக்குப் பதிலாகவே ஒன்றைச் செய்ய முயன்றார்கள். தோலுக்குப் பலம் தருவது கொலாஜன் என்ற புரதம். அதன் வடிவம் என்ன என்ற கேள்விக்கு 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் பதில் சொன்னார்கள். மூன்று இழை சேர்ந்தது கொலாஜன். அடுத்த ஆண்டு அந்த மூன்றும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று திருத்திச் சொன்னார்கள். நூல் முறுக்குகிறவர் கேட்டால் "அட, மூணு பிளை நூல்" என்று சொல்லிவிடுவார். 1981இல் அமெரிக்காவில் தீப்புண் மருத்துவர் ஜான் பர்க்கும், பாலிமர்களை ஆராய்ந்த அயோனிஸ் யானாஸும் மாட்டுத்தோல் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்புப் பொருளையும் சேர்த்து ஒரு தளம் செய்து, மேலே சிலிக்கான் படலம் ஒட்டி, 10 நோயாளிகளுக்கு வைத்துக் காட்டினார்கள். உடம்பு அந்தத் தளத்துக்குள் தன் சொந்தத் தோலடியைக் கட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று வாரத்தில் சிலிக்கானை உரித்துவிட்டு மெல்லிய தோல் ஒட்டுவார்கள். 'இன்டெக்ரா' என்ற பெயரில் அது 1996இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது.

அதற்குச் சற்று முன்பே, 1970களின் இறுதியில் வந்தது 'பயோபிரேன்'. மெல்லிய சிலிக்கான் படலம், அதன் அடியில் நைலான் துணி, துணியில் கொலாஜன் துணுக்குகள். அந்த நைலான் நெய்த துணி அல்ல, பின்னிய துணி. மூட்டு மடங்கும்போது கூடவே மடங்க வேண்டும், விரிய வேண்டும் என்பதற்காகப் பின்னலைத் தேர்ந்தெடுத்தார்கள். பனியன் எதற்காகப் பின்னலில் செய்யப்படுகிறதோ அதே காரணம். மனிதனின் இரண்டாம் தோல் என்று துணியைச் சும்மா உவமைக்குச் சொல்வோம். இங்கே அது உவமை இல்லை.

மாற்றுத் தோல் வைத்தவர் குளிப்பதற்குப் பொதுவான நாள் கணக்கு இல்லை. எந்த வகை, எங்கே வைத்தது, ஒட்டியதா என்பதைப் பொறுத்து வைத்த டாக்டர்தான் நாள் சொல்ல வேண்டும். அதுவரை அந்த இடத்தை விட்டு மீதி உடம்பைத் துடைத்துக்கொள்ளலாம். கையிலோ காலிலோ இருந்தால் கட்டை பிளாஸ்டிக் உறையால் மூடி, உறையின் வாயை டேப் போட்டு ஒட்டி, அந்தக் கையையோ காலையோ தண்ணி விழாமல் விலக்கி வைத்து மீதி உடம்புக்கு ஊற்றிக்கொள்ளலாம்.

ஆறிய பிறகும் கவனம் வேண்டும். ஒட்டிய மெல்லிய தோலில் எண்ணெய்ச் சுரப்பியும் வேர்வைச் சுரப்பியும் ஏறக்குறைய இருக்காது. சோப்பைக் குறைத்து, குளித்ததும் தேங்காயெண்ணெய் மாதிரி ஏதாவது தடவாவிட்டால் வெடிக்கும். உணர்ச்சியும் குறைவாக இருக்கும் என்பதால் சுடுதண்ணியின் சூடு தெரியாமலே தோல் வெந்துபோகலாம். நல்ல கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். தழும்பு தடிக்காமல் இருக்க இறுக்கமான பின்னல் உடுப்பு கொடுப்பார்கள். ஒரு நாளில் 23 மணி நேரம் அதைப் போட்டிருக்க வேண்டும். கழற்றுவது முக்கியமாகக் குளிப்பதற்குத்தான்.

எந்தத் தண்ணி?

இங்கிலாந்து வழிகாட்டி "ஷவரில் குளிக்கலாம்" என்று எழுதும்போது, குழாயைத் திறந்தால் குடிக்கத் தகுந்த தண்ணி ஓடிவரும் என்ற எண்ணம் எழுதாமலே அதில் இருக்கிறது. திருப்பூரில் அந்த எண்ணத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் திருப்பூருக்கு நடுவே ஓடுகிறது. ஏற்றுமதி பெருகப் பெருகச் சலவைப்பட்டறையும் சாயப்பட்டறையும் பெருகின. உப்பும் சாயமும் ஆற்றில் இறங்கின. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிப் போனது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று, கழிவை முழுக்கச் சுத்திகரிக்காத பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் நிலத்தடி நீர் சப்பென்று ஆகியிருந்தது. ஊருக்கும் ஆலைகளுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணியை பவானிப் பக்கமிருந்து குழாயில் கொண்டுவரும் திட்டம் 2005 வாக்கில் நடைமுறைக்கு வந்தது.

இப்படி ஒரு ஊரில் வளர்ந்தவர்களுக்கு, சப்பத்தண்ணி புண்ணில் பட்டால் அவ்வளவுதான் என்ற பயம் இயல்பு. ஆனால் உப்பு இங்கே முதல் எதிரி இல்லை. ஆஸ்பத்திரியில் புண் கழுவுகிற சலைனே உப்புத்தண்ணிதான். போர் தண்ணி தோலை வறட்டும், சோப்பை நுரைக்க விடாது. புண்ணைக் கெடுப்பது பெரும்பாலும் கிருமி, அது வருவது தேக்கி வைத்த பாத்திரத்தில் இருந்து. நாள்கணக்கில் இடைவெளி விட்டு வரும் நல்லதண்ணியை டிரம்மில் பிடித்து, மூடாமல் வைத்து, எல்லாரும் கைவிட்டு அள்ளினால், பவானித் தண்ணியும் அந்தப் பழைய ஐரோப்பிய ஆஸ்பத்திரியின் பேசின் தண்ணி ஆகிவிடும். பெரிய ஆஸ்பத்திரிகளே இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் கற்றன. தீப்புண் நோயாளிகளைப் பெரிய தொட்டியில் முக்கிக் குளிப்பாட்டும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் இருந்தது. தொட்டி வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கிருமி போவது தெரிந்த பிறகு, ஓடும் தண்ணியில் கழுவும் முறைக்கு மாறினார்கள்.

ஆக, லைன் வீட்டுக்குப் பொருந்தும்படி சொன்னால் இப்படி வரும். புண் பக்கம் ஊற்றும் தண்ணி குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தளதளவென்று கொதிக்கவைத்து, மூடி, ஆறவைத்த ஒரு பாத்திரம் தனியாக வேண்டும். அதற்குள் கை விடாமல் சாய்த்து ஊற்ற வேண்டும். மீதி உடம்புக்கு எப்போதும் குளிக்கிற தண்ணி போதும். புண்மேல் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம், நார் வேண்டாம், மஞ்சள் வேண்டாம். வெளுத்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். சிவப்பு பரவினாலோ, சீழோ நாற்றமோ வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, தையல் விட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மூணு தண்ணி

இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியலாம். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்குச் சின்ன விஷயம் இல்லை. ஈ.எஸ்.ஐ. இருந்தால் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதமும், வேலையிடத்துக் காயத்துக்கு 90 சதவீதமும் கிடைக்கும். பதிவில் பேர் இல்லாதவருக்கு, புண் ஆறுகிற ஒவ்வொரு நாளும் கூலி இல்லாத நாள். புண் கெட்டு இரண்டாம் தடவை தோல் ஒட்ட வேண்டி வந்தால் அந்த நாள்கள் மாதங்களாகும். அடிக்கு அடி நெருக்கி உட்கார்ந்து தைக்கிற லைனில், குளிக்காமல் போய் உட்காருகிற கூச்சமும் உண்டு. அதைச் சம்பளச் சீட்டில் எழுத முடியாது.

இரண்டாயிரம் வருஷம் முன்பே ஊசியைக் கண்டவர்கள் நாம். கொலாஜனின் முறுக்கு சென்னையில் இருந்துதான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி நெய்கிறது. இந்தப் பக்கம் கோயம்புத்தூரில் 'சிட்ரா' மருத்துவத் துணிகளை ஆராய்கிறது. இவ்வளவும் சுற்றி இருக்க, டிஸ்சார்ஜ் சீட்டில் இன்னும் ஒரு வரி தாண்டவில்லை.

அம்மைக்கு ஊற்றிய மாதிரி இதற்கும் மூணு தண்ணி சொல்லிக் கொடுக்கலாம். சாதாரணத் தையல் என்றால் இரண்டு நாள் கழித்து முதல் தண்ணி, சொம்பில் சாய்த்து. தையல் பிரித்த பிறகு இரண்டாம் தண்ணி, வழக்கமான குளியல். முழுசாக ஆறியபின் மூணாம் தண்ணி, அப்போது ஆறு, கிணறு எங்கே வேண்டுமானாலும். ஒட்டுத்தோல் என்றால் முதல் தண்ணியின் தேதியைக் கட்டுப் பிரிக்கிற டாக்டரே கையால் எழுதித் தர வேண்டும். எழுதவில்லையென்றால், டோக்கன் கூப்பிட்டாலும் பரவாயில்லை, நாற்காலியை விட்டு எழாமல் கேளுங்கள்: "டாக்டர், எந்தத் தேதியில தண்ணி ஊத்தலாம்? எந்தத் தண்ணி?"